மணலி புதுநகர் முதல் இராயபுரம் வரை துணைநின்றவர்களுக்கு நன்றி

வடசென்னைச் சாலைகளில் அன்று எனக்கு உதவிய, பெயர் கேட்டுக்கொள்ளக்கூட நேரம் வாய்க்காத அன்பர்களுக்கு வணக்கம்.

கொல்கத்தாவிலிருந்து கிழக்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தொலைவைத் தனியாக மிதிவண்டியில் கடந்து வந்த பயணத்தின் கடைசி நாள் அது. தை மாதத்தில் இந்தக் கரையில் வடகிழக்குக் காற்று வீசுவதால், வடக்கிலிருந்து தெற்கே வருபவரின் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். அதை எண்ணியே மாதத்தையும் திசையையும் தேர்ந்திருந்தேன். காலையில் சூலூர்பேட்டையில் புறப்பட்டுத் தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி என்று நெடுஞ்சாலையில் வந்ததைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. தச்சூர் கூட்டுச்சாலையில் இடப்புறம் திரும்பிப் பொன்னேரி, மீஞ்சூர் வழியாகத் திருவொற்றியூர் செல்லும் சாலையைப் பிடித்தேன். செங்குன்றம் வழியே நேராக வந்துவிடலாமே என்று வீட்டார் கேட்டார்கள்; பிறந்து வளர்ந்த பகுதிக்குள் அதன் வடக்கு வாசல் வழியாகவே நுழைய வேண்டும் என்பது என் விருப்பமாக இருந்தது.

வல்லூரைக் கடந்த சிறிது நேரத்தில் பின்சக்கரத்தின் வலப்பக்கத்துக் கம்பி ஒன்று அறுந்தது. பல்சக்கரங்கள் அமைந்த பக்கத்துக் கம்பிகளே அதிக இழுவிசையைத் தாங்குபவை என்பதால், அவற்றுள் ஒன்று போனாலும் ரிம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உரசத் தொடங்கும். புதுக்கம்பியைக் கோக்கப் பல்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டும். அதற்கான தனிச்சாவி பெரிய கடைகளில்தான் கிடைக்கும். பைகளின் பாரத்தோடு வண்டியை உருட்டிக்கொண்டே மணலி புதுநகர் வந்து சேர்ந்தேன்.

அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவரே, முதல் நன்றி உங்களுக்கு. சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “கழட்டவே வேணாம்மா, கொக்கி போட்டுக்கலாம்” என்றீர்கள். பழைய வாடகை சைக்கிளுக்கான நீளமான கம்பியை எடுத்து, தலையை வெட்டி, முனையைக் குறடால் இரண்டு மடிப்பாக வளைத்து, பல்சக்கரத்துக்கும் அச்சுவட்டுக்கும் இடையே இருந்த சிறிய சந்தின் வழியாக அதன் துளையில் மாட்டிய விதத்தை நான் வாய்மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாக்பீஸை ரிம்மின் ஓரத்தில் பிடித்துச் சுற்றி, கோடு விழுந்த இடங்களில் மட்டும் கம்பி முனையிலுள்ள நிப்பிளைத் திருகி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பொறுமையாக பெண்டு எடுத்தீர்கள். வேலைக்குரிய கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். வெளியூர்ப் பயணி என்று கூட்டிக் கேட்கவுமில்லை, பணம் வேண்டாம் என்று மறுத்து என்னைச் சங்கடப்படுத்தவுமில்லை. அந்தக் கணக்குத்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எம்.எப்.எல். உர ஆலைச் சந்திப்பில் எனக்கு அருகே நின்ற கன்டெய்னர் லாரியின் ஓட்டுநருக்கு அடுத்த நன்றி. சிக்னல் மாறுமுன் சன்னல் வழியே தலையை நீட்டி, என்னை முன்னால் வந்து நிற்கச் சொன்னீர்கள். நீளமான டிரெய்லர் இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் ஓரத்தை வெட்டிக்கொண்டு உள்ளே வரும் என்பதையும், அந்த ஓரத்தில் இருப்பவர் ஓட்டுநரின் பார்வைக்கே தப்பிவிடுவார் என்பதையும் அந்த அரை நிமிடத்தில் விளக்கினீர்கள். “கண்ணாடியில என் மூஞ்சி உனக்குத் தெரிஞ்சாதான் நீ எனக்குத் தெரிவ” என்று நீங்கள் சொன்ன ஒற்றை வாக்கியத்தை மிதிவண்டி ஓட்டும் எல்லாருக்கும் சொல்லி வருகிறேன். துறைமுகத்துக்குப் போகும் சரக்கு லாரிகள் ஊரும் பகுதியில், பள்ளிகளுக்குச் சென்று சொல்ல வேண்டிய பாடம் அது.

திருவொற்றியூரில் மாலைக் கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்த, அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடை அம்மாவுக்கும் நன்றி. என் முகத்தைப் பார்த்ததுமே, கேட்டதைக் கொடுக்காமல், முதலில் வாழைத்தண்டு சூப்பைக் குடிக்க வைத்தீர்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்த உணவு அது. நாள் முழுவதும் வியர்த்துக் கொட்டிய உடம்புக்கு அந்த உப்பும் சூடும் எவ்வளவு தேவைப்பட்டன என்பதை நீங்கள் சொல்லாமலே அறிந்திருந்தீர்கள். அதன்பின் வந்த அத்தோவைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையை அடைந்தபோது இருட்டிவிட்டது. ஆந்திரக் கரையில் மழையில் நனைந்ததிலிருந்தே சரியாக எரியாத பின்விளக்கு அங்கேதான் அடியோடு அணைந்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் நகராமல் நிற்கும் லாரிகளின் வரிசை. ஐஸ் பெட்டிகளோடு காசிமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரத் தம்பியே, “சைக்கிளயும் ஏத்திக்கினு வுட்டுர்றேன் யக்கா” என்று வண்டியை நிறுத்தினீர்கள். கொல்கத்தாவிலிருந்து மிதித்தே வருகிறேன், மீதியையும் மிதித்தே முடிக்க வேண்டும் என்றேன். வேறு யாராக இருந்தாலும் வற்புறுத்தியிருப்பார்கள், அல்லது சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நீங்களோ உங்கள் டார்ச்சில் சிவப்புத் தாளைச் சுற்றி என் கேரியரில் கட்டிவிட்டு, “அப்போ நான் முன்னால போறேன், பின்னாலயே வந்துகினே இரு” என்று என் வேகத்துக்கு உங்கள் மோட்டாரை அடக்கிக்கொண்டு, லாரிகளுக்கு இடையே வழி விலக்கிக் காசிமேடு வரை கூட்டிவந்தீர்கள். பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது என்பதும், அது உங்கள் அன்றைய வருமானம் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. தனியாகப் பயணம் செய்கிறேன் என்று சொன்ன ஒருத்தியின் தனிமையைக் கெடுக்காமலே துணைக்கு வருவது எப்படி என்பதை உங்களிடம்தான் கண்டேன்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் புறப்பட்ட இராயபுரம் நிலையத்தின் முன் அன்றிரவு பயணத்தை முடித்தேன்.

தம்பி, அவசரத்தில் உங்கள் டார்ச் என்னிடமே தங்கிவிட்டது. காசிமேட்டில் நாம் பிரிந்த திருப்பத்தில் உள்ள தேநீர்க் கடையில், புது மின்கலங்கள் போட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். கடைக்காரருக்கு விவரம் தெரியும். அந்தப் பக்கம் வரும்போது பெற்றுக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
இராயபுரத்து மிதிவண்டிப் பயணி