வேட்டை உரிமக் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவருக்கு

டெக்சஸில் மான் வேட்டை என்றால் முதல் பேச்சே, வேட்டையாட நிலக்காரருக்குக் கொடுக்கும் குத்தகைப் பணம்தான். அங்கே 90 சதவீதத்துக்கும் மேலான நிலம் தனியாருடையது. அந்தப் பழக்கத்தோடு விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிவந்து, உரிமம் விற்கும் கடையில் குத்தகை விலை விசாரித்தேன். சிரித்துவிட்டு, ஒரு பில்லின் பின்பக்கத்தில் வரைபடமே போட்டுக் கொடுத்தீர்கள்.

குத்தகை இல்லாமலே வேட்டையாடக்கூடிய பொதுக் காடுகள் இங்கே ஏராளம்: ஷெவாமெகன்-நிகோலே தேசியக் காடு மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர், கவுண்டி எனும் உள்ளூர் நிர்வாகங்களின் காடுகள் தனி. அதெல்லாம் நானே தேடியிருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் தனியார் காடுகளிலேயே சில, வரிச்சலுகைக்காகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டவை, உரிமையாளரைக் கேட்காமலே அங்கே வேட்டையாடலாம் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். எல்லையை மட்டும் நன்றாகச் சரிபார்க்கச் சொன்னீர்கள். வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி உள்ளே நட, சதுப்பு ஓரத்தில் தடம் பார் என்றீர்கள். எந்த வேட்டைக்காரர் இதையெல்லாம் முன்பின் தெரியாதவனிடம் சொல்வார்?

2002-இலிருந்து இங்கே மான்களிடம் நலிவு நோய் (மூளையைத் தாக்கி மெலிய வைத்துக் கொல்லும் CWD) இருக்கிறது, சமைக்கும் முன் சோதனைக்குக் கொடு என்றும் எச்சரித்தீர்கள். கொடுத்தேன், நோய் இல்லை என்று முடிவு வந்தது.

மிக்க நன்றி ஐயா. பெயர் கேட்க விடாமல் கிளம்பிவிட்டீர்கள். நவம்பர் வேட்டைக் காலத்தில், பாதுகாப்புக்காகப் போடும் ஆரஞ்சு அங்கியில் எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள். என்னைப் பார்த்தால் நீங்களே கூப்பிடுங்கள். ஃப்ரீசரில் உங்கள் பங்கு இருக்கிறது.