அந்த செவுத்த நகத்தி வெச்ச எல்லாருக்கும் நன்றி

எங்க சாஃப்ட்வேர் டீமுக்கு லெகோ பிளாஸ்டிக் கட்டைகள வெச்சு நடந்த அந்த ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் முடிஞ்சு மூணு மாசம் ஆகுது. அன்னைக்கே நன்றி சொல்லியிருக்கலாம், ஆனா அந்த ரெண்டு நாள் கலகலப்பு திங்கக்கிழமை வேலைக்கு வந்தப்புறமும் நிக்குதான்னு பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன். நிக்குதுங்க. அதான் இப்ப எழுதறேன்.

மொதல்ல எங்க மேனேஜர் சாருக்கு. ரிலீஸ் கழுத்த நெரிக்கற நேரத்துல 16 பேரையும் சீட்ட விட்டு எழுப்பி கூட்டிட்டு போறது சாதாரணம் இல்ல சார், விளையாடறதுக்கு எதுக்கு ரெண்டு நாள்னு மேல கேட்டதுக்கு நீங்க ஒத்தையா நின்னு பதில் சொன்னது எங்களுக்கு அப்புறமா தான் தெரிஞ்சுது. அதவிட பெருசு என்னன்னா எங்க கூட உக்காந்து நீங்களும் கட்டுனீங்க, ஒவ்வொரு ரவுண்டுலயும் கடைசியா தான் வாய தொறந்தீங்க. நீங்க மொதல்ல பேசியிருந்தா நாங்க எல்லாம் அதுக்கு தலையாட்டிட்டு போயிருப்போம்.

நடத்தி குடுத்த அக்காவுக்கு எப்படி சொல்றதுன்னே தெரியல. ஆளுக்கு ஆறு லெகோ பிரிக்ஸ், ஒரு நிமிஷம், ஒரு வாத்து செய்யுங்கன்னு ஆரம்பிச்சீங்க, 16 வாத்துல ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. எட்டு குமிழ் இருக்கற ஒரே மாதிரி ஆறு பிரிக்க 91 கோடி விதத்துக்கு மேல சேக்கலாம்னு நீங்க சொன்னப்ப, ஒரே ரெக்வயர்மெண்ட்ட, அதாவது என்ன செஞ்சு தரணும்னு கேக்கறத, ஏன் நாங்க ஆளுக்கு ஒரு மாதிரி புரிஞ்சுக்கறோம்னு எனக்கு அங்கயே வெளங்கிடுச்சு. லெகோல கட்டி அத வெச்சு பேசற இந்த முறைய 90கள்ல லெகோ கம்பெனிக்காரங்க தங்களோட சொந்த திட்டம் போடற கூட்டத்துக்காக உருவாக்குனாங்க, 2010ல எல்லாரும் எடுத்து பயன்படுத்தட்டும்னு திறந்து விட்டாங்கன்னும் உங்க கிட்ட தான் தெரிஞ்சுகிட்டேன். நீங்க வெச்ச ரூல் ரெண்டு தான், எல்லாரும் கட்டணும் எல்லாரும் சொல்லணும், அப்புறம் கேள்வி மாடல பத்தி இருக்கணும் ஆள பத்தி இருக்கக் கூடாது. இந்த ரெண்டாவது ரூல் தான் எங்கள காப்பாத்துச்சு.

ஏன்னா அன்னைக்கு மதியம் "உங்க வேலை நாள் எப்படி இருக்கும், கட்டுங்க"ன்னு சொன்னீங்க இல்ல, எங்க டெஸ்டிங் டீம்ல ஒரு பொண்ணு, ரெண்டு வருஷமா மீட்டிங்ல ஓகே தவிர வேற வார்த்தை பேசி நான் கேட்டதில்ல, அவ ஒரு உயரமான செவுரு கட்டி அதுக்கு பின்னாடி ஒரு குட்டி பொம்மைய நிக்க வெச்சா. செவுத்துல மேலாக்க ஒரு சின்ன ஓட்டை. "இது நான், பில்டு, அதாவது நான் டெஸ்ட் பண்ண வேண்டிய சாஃப்ட்வேர், இந்த ஓட்டை வழியா வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தமா வந்து விழும், அதுவரைக்கும் அந்தப்பக்கம் என்ன நடக்குதுன்னு எனக்கு தெரியாது"ன்னு மெதுவா சொன்னா. ரூம்ல சத்தமே இல்ல. இதையே மெயில்ல எழுதியிருந்தா ரெண்டு டீமுக்கும் பெரிய சண்டையே வந்திருக்கும். ஆனா எங்க சீனியர் டெவலப்பர் ஒருத்தர் அந்த செவுத்து பக்கத்துல போய் குனிஞ்சு பாத்துட்டு, "இந்த ஓட்டைய கீழ எறக்கலாமாம்மா"ன்னு அவகிட்ட கேட்டுட்டு ரெண்டு பிரிக்க கழட்டுனார். அண்ணா, அன்னைக்கு நீங்க கேட்ட அந்த ஒரு கேள்விக்கு தனியா ஒரு நன்றி.

மறுநாள் காசு விளையாட்டு. நாலு பேர் வரிசையா உக்காந்து 20 காச ஒவ்வொண்ணா திருப்பி போட்டு அடுத்தவங்க கிட்ட தள்ளணும். 20ஐயும் முடிச்சு மொத்தமா தள்ளுனப்ப கடைசி ஆள் ரொம்ப நேரம் கைய கட்டிட்டு உக்காந்திருந்தார், ஒண்ணு ஒண்ணா தள்ளுனப்ப மொத காசு உடனே வந்துடுச்சு, மொத்த வேலையும் சீக்கிரம் முடிஞ்சுது. செவுத்துக்கு பின்னாடி நிக்கற பொம்மை தான் அந்த கடைசி ஆள்னு யாரும் சொல்ல வேண்டியே இருக்கல. அடுத்த வாரமே பில்ட சின்ன சின்னதா தினமும் குடுக்க ஆரம்பிச்சாங்க, மொத ரெண்டு வாரம் தடுமாறுச்சு, உண்மை, ஆனா யாரும் பழையபடி மாத்தலாம்னு கேக்கல. போன ரிலீஸ்ல அந்த பொண்ணு வெள்ளிக்கிழமை நேரத்தோட வீட்டுக்கு போனா.

மேஜை நாற்காலி எல்லாம் ஒதுக்கி ரூம் ரெடி பண்ணி குடுத்த அட்மின் அண்ணனுக்கும், மேஜைக்கு அடியில உருண்டு போன பிரிக்ஸ ஒண்ணு விடாம பொறுக்கி தந்த ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் நன்றி. அக்கா, அந்த பொம்மையோட தொப்பிய கூட நீங்க தான் கண்டுபிடிச்சு குடுத்தீங்க.

கடைசியா நைட் ஷிஃப்ட் சப்போர்ட் டீமுக்கு. நாங்க உள்ள வாத்து கட்டிட்டு இருந்தப்ப எங்களுக்கு வர்ற டிக்கெட், அதாவது புகார் எல்லாத்தையும் சேத்து தூக்கம் விட்டு பாத்தது நீங்க, ஒரு போன் கூட எங்களுக்கு வரல. அடுத்த பேட்ச் நீங்க தான் போகணும்னு சார் கிட்ட கேட்டு வாங்கிட்டோம். அந்த ரெண்டு நாள் உங்க டிக்கெட் க்யூவ நாங்க பாத்துக்கறோம், ரோஸ்டர்ல எங்க பேரையும் போட்டாச்சு.