பெயரை எடுத்துவிடாதே

அன்பு மகளுக்கு,

குழுவிலிருந்து பெயரை எடுத்துவிடாதே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் சொல்கிறேன். வியாழக்கிழமை நீ பேசும்போது பாப்பா ஒரு பக்கம் அழுதாள், ஆபீஸ் அழைப்பு இன்னொரு பக்கம் வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோனது. குரல் பதிவு போட்டால் ஒருமுறை கேட்பதோடு போய்விடும். எழுதி வைத்தால் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

நீ சொன்னது இதுதானே? ஆபீஸில் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து எட்டு வாரத்துக்கு நடைப் போட்டி. கடிகாரம் கணக்கெடுக்கிறது. ஐவரின் காலடிகளையும் கூட்டிக் குழுவின் பெயருக்கு நேரே போடுகிறார்கள். உங்கள் குழுவில் ஒருவர் 20,000 நடக்கிறார், இரண்டு பேர் 12,000 தாண்டுகிறார்கள், அந்த மலாய் அக்கா 6,000 சொச்சம், நீ 4,000. "யாரும் ஒண்ணும் சொல்லலை அம்மா, ஆனா தினமும் கடைசியில் என் பேரைப் பார்க்க முடியலை, என்னால டீமே பின்னாடி போகுது" என்றாய். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கணக்கை ஒருமுறை சரியாகப் பார். இது கூட்டல் கணக்கு. உன் 4,000 குழுவின் மொத்தத்தோடு சேருகிறதே ஒழிய எதையும் குறைக்கவில்லை. நீ விலகினால் மற்ற குழுக்களில் ஐந்து பேர், உங்கள் குழுவில் நாலு பேர். அந்த 20,000 காரர் உன் இடத்தையும் நிரப்ப ஓட வேண்டும். குழுவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவர்கள் தலையில் சுமையை ஏற்றாதே.

கயிறு இழுக்கும் போட்டிக்கு எத்தனையோ பிள்ளைகளை நான் பழக்கியிருக்கிறேன், உனக்கே தெரியும். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் சின்ன வயதில் நீயும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். பக்கத்துக்கு எட்டுப் பேர். பார்க்கிறவர்கள் கண் எல்லாம் கடைசியில் நிற்கும் ஆங்கர் மேல்தான் இருக்கும். கயிற்றை அக்குளுக்கு அடியில் விட்டு எதிர்த்தோள் மேல் போட்டுக்கொண்டு நிற்கும் பெரிய பிள்ளை அவள். நான் பார்ப்பது நடுவில் நிற்கும் ஒல்லிப் பிள்ளைகளின் கையை. அங்கே கயிறு தளர்கிறதா, விறைப்பாக நிற்கிறதா என்பதில்தான் ஆட்டம் போகும், வரும். பலசாலிகளாக எட்டுப் பேர் இருந்தும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்துத் தோற்ற அணிகளைப் பார்த்திருக்கிறேன். எடை குறைந்த எட்டுப் பேர் ஒரே குரலுக்கு ஒரே மூச்சில் சாய்ந்து ஜெயித்ததையும் பார்த்திருக்கிறேன்.

இதை அளந்தே பார்த்தவர் மேக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படிக்கும்போது இந்தப் பாடம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து எடுத்த கணக்கை அவர் 1913-இல் வெளியிட்டார். ஆள் சேரச் சேர ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது. எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒருவர் தனியாக இழுப்பதில் ஏறக்குறைய பாதிதான் கயிற்றுக்கு வந்து சேருகிறது. சேர்ந்தாற்போல் இழுக்காதது ஒரு காரணம். "இத்தனை பேர் இருக்கிறார்களே" என்று மனசு தளர்ந்துவிடுவது இன்னொன்று. பெரிய குழுவில் நன்றாக நடக்கிறவர்களுக்கும் இது வரும்.

அதற்கு நேர் எதிரான இன்னொன்றும் உண்டு, உனக்கு வேண்டியது அதுதான். 1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர் பெர்லின் படகோட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக, முடியாமல் போகும் வரை எடை தூக்க வேண்டும். பிறகு இரண்டு பேர் சேர்ந்து கனமான ஒரே கம்பியைத் தூக்க வேண்டும். ஒருவர் விட்டாலும் ஆட்டம் முடிந்தது. ஜோடியில் பலம் குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். அதிலும், இருவரின் பலத்துக்கும் வித்தியாசம் நடுத்தரமாக இருந்தபோதுதான் இது நன்றாக நடந்தது. ஏணி வைத்தாலும் எட்டாத ஆளோடு சேர்த்தபோது அந்த அளவுக்கு நடக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், 20,000 காரரின் பெயரைப் பார்ப்பதை இன்றோடு விடு. அவர் பல வருஷமாக ஓடுகிறவர் என்று நீயே சொன்னாய். உனக்கு ஜோடி அந்த மலாய் அக்கா. அவரிடம் வாய்விட்டுக் கேள்: "மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடக்கலாமா அக்கா?" அவருக்கும் ஆள் வேண்டியிருக்கும். குழுவிடமும் நேராகச் சொல்லிவிடு, நான் இதற்குப் புதுசு, மெதுவாகத்தான் ஏற்றுவேன் என்று. சொல்லாமல் மனதுக்குள் வைத்துக் குமைவதுதான் காலைவிட அதிகமாக வலிக்கும்.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடந்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிற எண்ணையும் தலையிலிருந்து இறக்கி வை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்த மறு வருஷம், 1965-இல், யமாசா என்ற ஜப்பான் கம்பெனி காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரில் இருந்த எண் அது. டாக்டர்கள் ஆராய்ந்து எழுதிக் கொடுத்த அளவு கிடையாது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 16,000-க்கு மேற்பட்ட பெண்களின் நடையைக் கணக்கெடுத்தார்கள். நாளுக்கு 2,700 காலடி அளவில் இருந்தவர்களைவிட 4,400 அளவில் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் நன்றாகவே குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் போனால் பெரிதாக வித்தியாசம் இல்லை. அந்தப் பெண்களின் சராசரி வயது 72, உன் வயது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2025-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் 7,000-ஐத்தான் நல்ல இலக்கு என்றார்கள். நீ 4,000-இல் நிற்கிறாய். மலை ஏறச் சொல்லவில்லை யாரும்.

வாரத்துக்கு ஒருமுறை, தினசரி அளவில் ஐந்நூறோ ஆயிரமோ கூட்டு. ஆயிரம் காலடி என்பது சுறுசுறுப்பான நடையில் பத்து நிமிஷம். எட்டு வாரத்தில் ஏழாயிரத்தை ஒட்டி வந்துவிடுவாய், வராவிட்டாலும் குற்றமில்லை. வேகம் எவ்வளவு என்று கடிகாரத்தைக் கேட்க வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். சிங்கப்பூர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்புச் சூடு சீக்கிரம் இறங்காது. அதனால் காலையில் வெயிலுக்கு முன்னால், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு நட. மழை என்றால் அடுக்குமாடிக்குக் கீழே திறந்த தளமாக இருக்கும் வாய்ட் டெக்கிலேயே நாலு சுற்று போதும்.

ஒன்று கேட்க நினைத்தேன். சாயங்காலம் பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்கா வரைக்கும் போய்வருகிறாயே, அப்போது கடிகாரம் கட்டின கை வண்டியின் கைப்பிடியிலேயே இருக்குமே? கை வீசினால்தான் அது ஒழுங்காக எண்ணும். கை அசையாமல் இருந்தால் நீ நடப்பதில் பாதியைக்கூட விட்டுவிடலாம். அந்த நேரத்துக்குப் போனை பாவாடைப் பையிலோ பேன்ட் பையிலோ போட்டுக்கொண்டு அதில் எண்ணிப் பார். உன் 4,000 உண்மையில் 4,000 தானா என்றே எனக்குச் சந்தேகம். போட்டி விதி அனுமதித்தால் அந்தக் கணக்கைச் சேர்த்துக்கொள். அதே சமயம் உட்கார்ந்த இடத்தில் கையை ஆட்டி எண்ணிக்கை ஏற்றுகிறவர்கள் எந்த ஆபீஸிலும் இருப்பார்கள். அவர்கள் என்னவோ செய்துகொள்ளட்டும். உன் எண் கூடுதலோ குறைவோ, உன் கால் நடந்த எண்ணாக இருக்கட்டும்.

இப்போது கால் வலிக்கு வருகிறேன், எனக்குக் கவலையே அதில்தான். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உள் ஓரத்தில் வலிக்கிறது என்றாய். பழகாத கால் திடீரென்று கூடுதலாக நடந்தால் வருகிற வலி அது. தசை சீக்கிரம் பழகிக்கொள்ளும். எலும்புக்கும் தசைநாருக்கும் கூடுதல் நாள் வேண்டும். பிள்ளைகளிடம் நான் எப்போதும் செய்யச் சொல்வதை நீயும் செய்து பார். வலிக்கிற இடத்தைக் காட்டு என்பேன். உள்ளங்கையை வைத்து இங்கேயெல்லாம் என்று தடவிக் காட்டினால் பெரும்பாலும் தசை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலித்துவிட்டு அடங்கிவிடும். ஒரு விரலை வைத்து இந்தப் புள்ளி என்று காட்டினால் அந்தப் பிள்ளையை அன்றைக்கே உட்காரவைத்துவிடுவேன். நடக்க நடக்க விட்டுப்போகிற வலியோடு நடக்கலாம். நடக்க நடக்க ஏறுகிற வலி, ராத்திரி படுத்தபிறகும் விடாத வலி என்றால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். போட்டி அதன்பாட்டில் போகட்டும்.

சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் 30,000 நடக்கப் போகிறார்கள் என்றாயே, அதற்கு நீ போக வேண்டாம். கடைசியில் வந்து சேர்ந்துகொள், சாப்பிடும்போது கூட இரு, அது போதும். தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்ஸ் நூறு போட்டால் போனஸ் என்பதும் இப்போது உனக்கு இல்லை. பழகாத உடம்பு வைராக்கியத்தில் ஒரே நாளில் அப்படிப் போட்டு, தசை சிதைந்து, சிறுநீர் கறுத்துப்போய் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நடக்கக்கூடியதுதான். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக வாரத்தில் இரண்டு நாள் செய். தோப்புக்கரணத்துக்கு அதிலிருந்து ஏறலாம்.

ஷூ வாங்க சாயங்காலமாகப் போ. பகல் முழுக்க நின்றும் நடந்தும் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், அப்போது சரியாக இருக்கிற ஷூதான் நடக்கும்போதும் சரியாக இருக்கும். கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் விடு. மாப்பிள்ளை போன வருஷம் வாங்கிக் கொடுத்தது அழகாக இருக்கிறது, ஆனால் முன்பக்கம் குறுகல். விசேஷத்துக்கு வைத்துக்கொள்.

நான் இவ்வளவு தூரம் வற்புறுத்துவதற்குக் காரணம் போட்டி இல்லை கண்ணு. உங்கள் குழு எத்தனையாவதாக வந்தாலும் எனக்கு ஒன்றுதான். உன் அப்பாவுக்கு நாற்பத்திரண்டில் சுகர் வந்தது, பெரியப்பாவுக்கு அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. ஆச்சி கடைசி காலத்தில் கண் தெரியாமல் இருந்ததை நீ பார்த்தாய். பாப்பா வயிற்றில் இருந்தபோது உனக்கும் சுகர் ஏறியது, பிரசவத்தோடு இறங்கிவிட்டது. அப்படி ஏறி இறங்கினவர்களுக்குப் பின்னால் அது நிலைத்துவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று உன் டாக்டரே சொன்னார். எடை பெரிதாக இல்லையே என்று இருந்துவிடவும் முடியாது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற உடல் எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) 23-ஐத் தொட்டாலே ஜாக்கிரதையாக இரு என்று உங்கள் ஊரிலும் சொல்கிறார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். உனக்கு முப்பத்தாறு ஆகிறது. காலையில் எம்.ஆர்.டி. ரயில், பகல் முழுக்க நாற்காலி, ராத்திரி பாப்பா. இத்தனை வருஷமாக நடக்கச் சொல்லி நானும் உன் அப்பாவும் கேட்டு நடக்காதது, ஒரு ஆபீஸ் பட்டியலில் பெயர் ஏறியதால் நடந்திருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

சாப்பிட்ட பிறகு நடக்கிற பத்து நிமிஷம் மட்டும் என்னவானாலும் விடாதே. நடக்கும்போது கால் தசை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை நேராக இழுத்துக்கொள்ளும், இன்சுலினுக்கு வேலை குறையும். நாளைக்கு இந்தப் போட்டி முடிந்து கடிகாரத்தைக் கழற்றி வைத்தாலும் அந்தப் பத்து நிமிஷம் உன்னோடு இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. உங்கள் அரசாங்கமே 2015-இல் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் ஆரம்பித்து ஜனங்களுக்குக் கருவியைச் சும்மா கொடுத்தது. ஆபீஸ் போட்டி முடிந்ததும் மாப்பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு இந்த மாதிரி ஏதாவது ஒன்றில் பெயர் கொடு. அவருக்கும் நாற்காலி வேலைதானே.

அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருமுனை வரை போய்வருவதை அவர் விடவில்லை. இரண்டு நாளாக நீ எத்தனை நடந்தாய் என்று என்னிடம் விசாரிக்கிறார். தினமும் ராத்திரி குடும்பக் குரூப்பில் எண்ணைப் போட்டுவிடு. 3,800 என்றாலும் போடு.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் கூப்பிடு. அதுவரை கூடுதலாக நடக்காதே. காலை நீட்டி உட்கார்ந்து வலி எங்கே என்று காட்டு. விரலா உள்ளங்கையா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா