இலக்குக்கு மேலேயும் ஒரு கோடு போடுங்கள்: கிக்ஸ்டார்ட்டர் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

கிக்ஸ்டார்ட்டர் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தவர் வங்கிப் படி ஏறாமல், அதை வாங்கப்போகிறவர்களிடமே முன்பணம் திரட்ட 2009-இல் இணையத்தில் வழி திறந்தீர்கள். கேட்ட தொகை கெடுவுக்குள் சேராவிட்டால் யார் கணக்கிலிருந்தும் ஒரு காசு போகாது என்பது உங்கள் விதி. நல்ல விதி. அரைகுறைப் பணத்தில் பொருள் வராது என்று தெரிந்துதானே வைத்தீர்கள்? பணம் அளவுக்கு மீறிக் குவிந்தாலும் பொருள் வராமல் போகும். அதற்கு ஒரு விதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

கூலஸ்ட் கூலரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்; படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு ஐஸ் பெட்டி. ஆனால் அதிலேயே பேட்டரியில் ஓடும் மிக்ஸி, புளூடூத் ஸ்பீக்கர், போன் சார்ஜர், உள்ளே விளக்கு, பாட்டில் திறப்பான், மணலில் இழுக்க அகலச் சக்கரம் எல்லாம் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ரயன் கிரெப்பர் 2013-இல் இதற்காக 1,25,000 டாலர் கேட்டார். இலக்கு எட்டவில்லை, கைக்கு எதுவும் வரவில்லை. அடுத்த கோடையில் பெட்டியை மெருகேற்றிக்கொண்டு திரும்பி வந்தவர் 50,000 டாலர் போதும் என்றார். பொருள் மெருகேறியது, கேட்ட தொகை மட்டும் பாதிக்கும் கீழே போனது! அங்கேயே யாராவது கணக்குக் கேட்டிருக்க வேண்டாமா? 62,642 பேர் கொட்டியது 1 கோடியே 32 லட்சம் டாலருக்கு மேல்.

200 இலைக்குப் பேசிய சமையல்காரர் வீட்டு வாசலில் ஐம்பதாயிரம் பேர் வந்து நின்றால், முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கிரெப்பர் நிலைமையும் அதுதான். பெட்டிக்குப் பெரும்பாலானோர் கொடுத்த 185 டாலர் கட்டுப்படியாகவில்லை. சில நூறு பெட்டி என்றால் கையைக் கடித்தாலும் சமாளிக்கலாம். அறுபதாயிரம் என்றால் தலையில் துண்டுதான். 2015 பிப்ரவரியில் தருவதாகச் சொன்னது தள்ளிப்போனது. பணம் புரட்ட, முன்பணம் கட்டியவர்கள் காத்திருக்கும்போதே அமேசானில் இரண்டு மடங்குக்கும் மேலான விலைக்கு விற்றார்கள். அப்புறம், இன்னும் 97 டாலர் கொடுத்தால் சீக்கிரம் அனுப்புகிறோம் என்றார்கள். 2019 டிசம்பரில் கம்பெனியை மூடியபோது சுமார் 20,000 பேருக்குப் பெட்டி வரவே இல்லை.

வேல்ஸில் செய்வதாகச் சொன்ன சானோ டிரோனும் இதே கதைதான். கேட்டது 1,25,000 பவுண்டு, வந்தது 23 லட்சம், முடிவு திவால். அதை விசாரிக்க நீங்களே ஒரு பத்திரிகையாளரை அமர்த்தினீர்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அது பிரேதப் பரிசோதனை.

நிறுத்தத் தெரிந்தவர்களும் உங்கள் தளத்தில் உண்டு. 2012-இல் பெபிள் கைக்கடிகாரத்துக்கு ஒரு லட்சம் டாலர் கேட்ட இடத்தில் ஒரு கோடியைத் தாண்டியது. கெடு முடியும் முன்பே, இத்தனை கடிகாரத்துக்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். சில மாதம் தாமதமானாலும் கடிகாரம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே ஒரு கைக்கடிகாரம் செய்து விற்ற அனுபவம் அவர்களுக்கு இருந்தது. எல்லாக் கண்டுபிடிப்பாளருக்கும் அது இருக்காது. பணம் ஏறிக்கொண்டே போகும் திரையைப் பார்த்துக்கொண்டு 'போதும்' என்று சொல்லும் நிதானமும் எல்லோருக்கும் வராது.

உங்களுக்கும் அந்த நிதானம் சிரமம்தான், ஒப்புக்கொள்ளுங்கள். திரண்ட பணத்தில் 5 சதவீதம் உங்கள் கட்டணம். கூலஸ்ட் 50,000 டாலரில் நின்றிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 2,500. ஓடிய ஓட்டத்துக்கு ஆறரை லட்சத்துக்கு மேல். இப்போது கெடு முடிந்த பிறகும் பணம் வாங்கும் வசதியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

விதி போடுவது உங்களுக்குப் புதிதல்ல. கணினியில் வரைந்த பளபளப்புப் படத்தைக் காட்டிப் பணம் கேட்கக் கூடாது, செய்த மாதிரியைத்தான் காட்ட வேண்டும் என்று 2012-லேயே சொன்னீர்கள். எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் வசதிகூட ஏற்கெனவே இருக்கிறது. விருப்பப்பட்டால் வைக்கலாம் என்று விட்டிருக்கிறீர்கள். கருவிகளுக்கு மட்டுமாவது அதைக் கட்டாயமாக்குங்கள். முதல் தவணையில் எத்தனை செய்ய முடியும், ஒன்றுக்கு அடக்கவிலை என்ன என்பதைத் தொழிற்சாலையின் விலைப்பட்டியலோடு உங்களிடம் கொடுக்கட்டும். அந்த எண்ணிக்கை நிறைந்ததும் பணம் கட்டும் பொத்தான் தானாக அணைய வேண்டும். கூட்ட விரும்புகிறவர் புதிய விலைப்பட்டியல் கொண்டு வரட்டும். நீங்கள் அதைப் பார்த்த பிறகு பொத்தானைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கண்டுபிடிப்புகளுக்கு முன்பணம் கட்டுகிற ஒரு வாடிக்கையாளர்