பழைய மென்பொருளைக் கிண்டல் செய்யும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழும் நிறுவனங்களைப் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். சோம்பலும் பயமும்தான் காரணம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். இருபது வருடம் கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்களைப் பராமரித்தவனுக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. (தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டுப் பெரியவர் பெயர் மாதிரி இருக்கிறது. 1959-ல் பிறந்த மொழி; வயதும் பொருத்தம்தான்.)

பயம் உண்டு. பட்டு வந்த பயம் அது. ஒருமுறை, யாருக்கும் உதவாமல் கிடப்பதாகத் தோன்றிய நான்கு வரிகளை ஒரு நிரலிலிருந்து நீக்கினேன். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரி கடைசியில் வட்டிக் கணக்கு பிசகியது. அந்த வரிகளை எழுதியவர் எப்போதோ போய்விட்டார். எதற்காக எழுதினார் என்பதற்கு அந்த வரிகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

மைக்ரோசாஃப்டின் விரிதாள் மென்பொருளான எக்செலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்துத்தான் அது நாட்களை எண்ணுகிறது. அதன் கட்டம் ஒன்றுக்குள் 60 என்று அடித்துத் தேதியாக மாற்றினால் 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாளே கிடையாது. 1900 லீப் வருடம் அல்ல. இது எக்செலுக்கு முன்பே வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருளில் இருந்த பிழை. லோட்டஸ் கோப்புகளில் இருந்த தேதிகள் பிசகாமல் வர வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் தெரிந்தே அதை எடுத்துக்கொண்டது. லோட்டஸ் 1-2-3-க்கான ஆதரவை அதன் உரிமையாளரான ஐபிஎம் 2014-ல் நிறுத்திவிட்டது. பிழை மட்டும் சௌக்கியமாக இருக்கிறது. இப்போது திருத்தப் போனால், உலகத்தில் உள்ள கோப்புகளில் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும். யார் கை வைப்பார்கள்?

சரி, துணிந்து மாற்றியவர்கள்? பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய கணினித் தளத்துக்கு மாறியது. தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது, தளம்தான் தாங்கவில்லை. வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். எல்லாம் சீராக டிசம்பர் ஆகிவிட்டது. 2022-ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் மேல்.

அதற்காகப் பழையது அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வரவில்லை. எனக்குக் கவலை தருவது மென்பொருளின் வயது அல்ல, அதைத் தெரிந்தவர்களின் வயது. 2020-ல் கொரோனா காலத்தில் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். கட்டுரையாளர் இதைத் தொட்டிருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். புதியதை வாங்கத் தாராளமாகப் பணம் ஒதுக்கும் நிர்வாகம், பழையதற்குள் என்ன இருக்கிறது என்று எழுதிவைக்க இரண்டு ஆள் கேட்டால் முகம் சுளிக்கிறது. ஓய்வு பெற்ற அன்று நான் கொடுத்துவிட்டு வந்தது ஒரு நோட்டுப் புத்தகம். அந்த நான்கு வரிகளின் கதை அதன் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. யாராவது பிரித்துப் பார்த்தார்களோ என்னவோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிரலாளர் ஒருவர்