மூங்கிலை நடுவதோடு பாடம் முடியலாமா?

ஆசிரியருக்கு,

கல்லூரி வளாகங்களில் மூங்கில் கன்று நடும் விழாக்கள் பெருகியிருக்கின்றன. ஆனால் நட்டதோடு பாடம் முடிந்துவிடுகிறது. கட்டடக்கலைப் பட்டப்படிப்பு ஐந்து ஆண்டு. மூங்கில் புதர் முதல் வெட்டுக்கு வரவும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். முதலாண்டில் நட்ட மாணவர் இறுதியாண்டில் வெட்டிப் பந்தல் போடும்படி பாடத்திட்டத்தையே அமைக்கலாம்.

முதலில் வகை. மஞ்சள் மூங்கில் கண்ணுக்கு அழகு, கரணை வைத்தாலே வேர்விடும். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். வண்டு துளைத்து மாவாக உதிர்த்துவிடும். அதை அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பந்தலுக்கும் வேலிக்கும் ஏற்றது வறட்சி தாங்கும் கல் மூங்கில். இரண்டடிக் குழி, புதருக்குப் புதர் 15 அடி. சுவரை ஒட்டி நடவே கூடாது. உதிரும் சருகைப் பெருக்கி எரிப்பதையும் நிறுத்த வேண்டும். ஈரத்தையும் சத்தையும் மண்ணுக்குத் தருவது அதுதான்.

மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது கழியின் வயதில். மூங்கில் குருத்து மண்ணைவிட்டு வரும்போதே முழுப் பருமனோடு வருகிறது. பிறகு முற்றுமே தவிர, பருக்காது. தடிமனைப் பார்த்து வெட்டினால் ஓராண்டுக் கழி மாட்டும். காயும்போது சுருங்கி வெடிக்கும். எனவே மழைக்காலம் முடிந்ததும் புதுக் கழி ஒவ்வொன்றிலும் பெயின்டால் ஆண்டை எழுதிவைக்க வேண்டும். மூன்று ஆண்டு தாண்டியதை மட்டும், டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், தரைக்கு மேலுள்ள முதல் கணுவை ஒட்டி அதற்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். கணுவுக்கு மேல் நீளமாக விட்டால் அந்தக் குழலில் மழைநீர் தேங்கி, அடிக்கிழங்கு வரை அழுகும்.

வண்டு துளைக்காமலிருக்க, வெட்டிய பச்சைக் கழியை 100 லிட்டர் நீருக்கு 3 கிலோ போராக்ஸ் (வெண்காரம்), 2 கிலோ போரிக் அமிலம் கலந்த தொட்டியில் ஒரு வாரமாவது முழுக ஊறவிட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். கழி உள்ளே குழலாக இருந்தால், ஊறவிடுமுன் கணுத் தடுப்புகளை நீளக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். இந்த உப்பு மழையில் கரைந்து போய்விடும் என்பதைப் பலரும் சொல்லித் தருவதில்லை. பதப்படுத்திய கழியையும் மண்ணில் புதைத்தால் அழுகத்தான் செய்யும். தரையிலிருந்து ஓரடி உயரக் கல் அல்லது கான்கிரீட் பீடத்தில் நிறுத்தி, மேலே கூரை இறக்க வேண்டும். நேரடியாக ஆணி அடித்தால் நார்வாக்கில் பிளக்கும். துளையிட்டு போல்ட் போடுவதே சரி.

நட்ட முதல் இரண்டு கோடையில் தண்ணீர் தவறக்கூடாது. விடுமுறையில் கல்லூரி பூட்டிக்கிடப்பதும் அப்போதுதான். கன்று வாங்கும் செலவோடு கோடைக்காலத் தோட்டக்காரரின் கூலியையும் பல்கலைக்கழகங்கள் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

- கட்டடக்கலை, தோட்டக்கலை ஆசிரியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்