மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் பரிசோதனை திருகோணமலையிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு உதவி கோரும் அறிவித்தல்கள் தங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. படத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் பார்த்ததும் எங்கள் மாவட்டத்து மக்கள் தாராளமாகவே கொடுக்கிறார்கள். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று கேட்டதும் ஊரே ஆறுதலடைகிறது. பெற்ற சிறுநீரகத்தைக் காப்பாற்றும் பாடு அதன் பிறகுதான் தொடங்குகிறது என்பதைச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் மனைவியாக எழுதுகிறேன்.

என் கணவர் படகு இயந்திரம் திருத்துபவர். அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் மூதூரில் இருக்கும் அவருடைய அக்கா. மாற்றிய முதல் ஆண்டுக்குள்ளேயே இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவு; சிறுநீரகம் பழுதானால் ஏறும்) 1.2 இலிருந்து மெல்ல மெல்ல ஏறி 2 ஐத் தாண்டியது. காய்ச்சல் இல்லை, நோவு இல்லை, சலம் வழமைபோலவே போனது. உடல் புதிய சிறுநீரகத்தை ஏற்க மறுக்கிறது என்றே முதலில் அஞ்சினோம். ஊசியால் திசுவை எடுத்துச் சோதித்த பிறகுதான் காரணம் பீ.கே. வைரஸ் என்று தெரிந்தது.

பொலியோமா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த இது, 1971 இல் லண்டனில் சிறுநீரகம் பெற்றிருந்த ஒரு நோயாளியின் சலத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நம்மில் பெரும்பாலானோருக்குச் சிறுவயதிலேயே தொற்றிவிடுகிறது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல், அது எப்போதோ தொற்றியதற்கு அடையாளமான பிறபொருளெதிரி இரத்தத்தில் இருக்கிறது. சிறுநீரகத்திலும் சலப்பாதையிலும் ஒடுங்கிக் கிடக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி காவல் இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தாக்காமலிருக்க டக்ரோலிமஸ், மைக்கோபீனோலேற் போன்ற மாத்திரைகள் அந்தக் காவலைத் தளர்த்துகின்றன. அப்போதுதான் இது பெருகுகிறது. என்பு மச்சை மாற்றம் பெற்றவர்களுக்குச் சலத்தில் இரத்தம் போகச் செய்வதும் இதே வைரஸ்தான்.

எங்களுக்கு இதில் மிகவும் கடினமாக இருந்தது அயலவர்களின் பயம். "வைரஸாம்" என்ற செய்தி ஒழுங்கை முழுவதும் பரவியதும் பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பக்கம் விடவில்லை. வழமையாக வந்து தேநீர் குடித்துப் போகிறவர்கள் படலையோடு நின்று சுகம் விசாரித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கொரோனாவைக் கண்ட பயம் இன்னும் போகவில்லை. ஆனால் இந்த வைரஸைச் சுமப்பவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள், நானும் இருந்திருப்பேன். அதனால் எங்களுக்குத் தீங்கு வந்ததில்லை. எதிர்ப்புச் சக்தி தளர்ந்தவர்தான் ஆபத்தில் இருந்தார். அவரை ஒதுக்கியதால் யாருக்கும் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. சிறுநீரகம் பெற்றவர் உள்ள ஒவ்வொரு வீட்டின் அயலிலும் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

பீ.கே. வைரஸைக் கொல்வதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளின் அளவை வைத்தியர் கணக்குப் பார்த்துக் குறைப்பதே வழி. கூடக் குறைத்தால் உடல் சிறுநீரகத்தைத் தாக்கும். போதாமல் குறைத்தால் வைரஸ் அதை அழிக்கும். ஏற்க மறுக்கும் நிலைக்குக் கொடுக்கும் சிகிச்சையோ இதற்கு நேர் எதிரானது. ஆகவே ஊகத்தில் சிகிச்சை செய்ய முடியாது. "மாத்திரை கடும் சூடு, கொஞ்சநாள் விட்டுப் பாருங்கள்" என்று அன்போடு சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டு எவரும் தாமாக ஒரு மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கிரியற்றினின் ஏறுவதற்கு முன்பே இந்த வைரஸ் இரத்தத்தில் தெரியத் தொடங்கிவிடும். சிறுநீரகம் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு அப்படித் தெரிகிறது. பி.சி.ஆர் முறையில் அதன் அளவைப் பார்க்கலாம். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் வைரஸின் அளவு 10,000 பிரதிகளைத் தாண்டினால் சிறுநீரகம் தாக்கப்பட்டிருக்கக்கூடும் என்றே கருதுகிறார்கள். முதல் ஒன்பது மாதம் மாதந்தோறும், பிறகு இரண்டாம் ஆண்டு முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று 2024 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது.

எங்களுக்கு அதைத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் செய்துகொண்டு வரும்படி துண்டு எழுதித் தந்தார்கள். இரத்தத்தைக் கொழும்பில் கொடுக்க வேண்டியிருந்தது. நோய்த்தொற்று ஆகவே ஆகாது என்று சொல்லப்பட்ட மனிதரை நெரிசலான இரவு ரயிலில் அழைத்துப் போனேன். வேலைக்குப் போக முடியாதவரின் வீட்டில் அந்தக் கட்டணமும் பயணச் செலவும் பெரிய தொகை. பணம் புரளாத மாதங்களில் பரிசோதனை தள்ளிப்போனது. வைரஸ் பெருகியதும் அந்த மாதங்களில்தான். இப்போது மாத்திரை குறைக்கப்பட்டு, கிரியற்றினின் 1.8 இல் நிற்கிறது. மச்சாள் கொடுத்த சிறுநீரகத்தில் அழிந்த பகுதி திரும்பி வராது.

கொரோனாக் காலத்தில் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் மாதிரிகள் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பி.சி.ஆர் செய்தார்கள். அதற்கென்று பயிற்சி பெற்றவர்களும் உண்டு. நோயாளி பயணம் செய்வதற்குப் பதில் அவருடைய இரத்தம் பயணம் செய்யலாமே! பதவி சிறிபுர போன்ற இடங்களில் சிறுநீரக நோய் வாட்டும் மாவட்டம் இது. மாற்றுச் சிகிச்சை பெறுவோர் இனியும் கூடத்தான் போகிறார்கள்.

சுகாதார அமைச்சிடமும் கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் கேட்பது இதுதான்: சிறுநீரகம் பெற்றவர்களின் இரத்தத்தைத் திருகோணமலையிலேயே எடுத்து, அரச செலவில் பீ.கே. பரிசோதனைக்கு அனுப்பி, முடிவை அவர்களது கிளினிக்குக்கு நேரே அறிவிக்க ஒழுங்கு செய்யுங்கள். சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது, எந்த மாதம் எந்தப் பரிசோதனை என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு தாளைக் கிளினிக் கொப்பியில் ஒட்டிக் கொடுங்கள். அது நடக்கும்வரை, சிறுநீரகம் பெற்றவர்களும் அவர்களது வீட்டாரும் அடுத்த கிளினிக்கில், "பீ.கே. பரிசோதனை எப்போது?" என்று வைத்தியரிடம் கேட்டு, திகதியைக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் பெற்ற ஒருவரின் மனைவி,
உப்புவெளி, திருகோணமலை.